சில்லறைப் பையில் வைத்த பேட்டரி

பாலக்கரை
12 ஜூலை 2024, வெள்ளி

அன்பு மகன் நஸ்ருல்லாவுக்கு, அத்தா பரக்கத் அலி சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஆபிதா டீச்சர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். ஸ்ரீரங்கத்துக் கிழக்குக் கோபுரத்தில் ஒரு நிலை பெயர்ந்து விழுந்ததற்கு மறு வருஷம். புது ஏர்போர்ட் கட்டடத்தில் ஜனங்கள் வந்து இறங்க ஆரம்பித்த வருஷம். டாக்டர் என் நெஞ்சுப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாய், இனி ஒரு பீடி பத்த வெச்சீங்கன்னா அடுத்த படம் எடுக்க நீங்க வர வேண்டியிருக்காது" என்று சொன்ன வருஷம். எனக்கு எழுபத்தாறு வயது. அறுபது வருஷமாகப் பீடி. பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே அந்தப் பயத்தில் ஒரு பீடி பிடித்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நோன்பு மாதத்தில் பீடிக்குப் பதிலாக நீ அனுப்பிய பேனா மாதிரியான மிஷின் எனக்கு ஒத்து வரவில்லை. இழுத்தால் வெந்நீர் ஆவி மாதிரி வந்தது. காலையில் கொஞ்சம் காரம், சாயங்காலத்தில் ஒன்றுமே இல்லை. பதினைந்தாம் நாள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது அடுத்த தெரு ஹாலித் ஊருக்கு வந்தபோது அவன் கையில் கொடுத்தனுப்பிய மிஷினைப் பார்த்தேன். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கிறது. சின்ன ஜன்னலில் எண் எரிகிறது. கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான். எழுத்து தெரியாவிட்டாலும் எனக்கு எண் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் படித்த படிப்பு. பன்னிரண்டு என்று இருக்கிறது.

ஆனால் ஹாலித் அதைக் கொடுத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தான். "நன்னா, இது நம்ம நாட்டுல தடை. கொண்டு வந்தவனுக்கு ஜெயில். வெளியில காட்டிடாதீங்க" என்றான். அதிலிருந்து தூக்கம் இல்லை. சாம்பிராணி டப்பாவில் தூளுக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறேன். உன் பெண்டாட்டி மஜீதாவுக்கும் தெரியாது, பேத்தி அல்ஃபியாவுக்கும் தெரியாது.

போனில் பேசாதீர்கள் என்று நீ சொன்னதால் கடிதம். சாதாரண மிஷின் இருக்கும்போது எதற்குக் கூட்டிக் குறைக்கிற மிஷின்? கூட்டினால் என்ன ஆகும்? நெஞ்சு வெடித்துவிடுமா? டீச்சர் படித்துக் காட்டும்படி தெளிவாக எழுது.

உன் அத்தா


ஷார்ஜா
21 ஜூலை 2024

அன்புள்ள அத்தாவுக்கு, நஸ்ருல்லா. வ அலைக்குமுஸ்ஸலாம். ஆபிதா டீச்சருக்கும் என் சலாம். டீச்சர், படித்துக் காட்டியதும் கிழித்துவிடுங்கள்.

அத்தா, முதலில் ஒன்று. இது மருந்து இல்லை. நான் இதை விற்கிறவன், வைத்தியன் இல்லை. இதுவும் நெஞ்சுக்கு நல்லது என்று என் வாயால் சொல்ல மாட்டேன். பீடியை விடுவதற்கு ஒரு படி, அவ்வளவுதான். படியிலேயே குடியிருந்துவிடாதீர்கள்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் எல்லாரும் அந்தப் பேனாவைத்தான் வாங்குவார்கள். விலை குறைவு, பொத்தான் இல்லை, யோசிக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பாதிப் பேர் திரும்பி வந்து நீங்கள் சொன்னதையே சொல்வார்கள். ஒரு மலையாளி டிரைவர் இருக்கிறார். நாளைக்கு மூன்று பாக்கெட் சிகரெட் பிடித்தவர். "தொண்டையில ஒரு அடி விழணும் மோனே, இல்லேன்னா இழுத்த மாதிரியே இல்ல" என்பார். அவர் கூட்டி வைப்பார். ஒரு பிலிப்பினோ பையனுக்கு அடி வேண்டாம், வாசனைதான் வேண்டும். அவன் குறைத்து வைப்பான். ஒருவனுக்கு முகம் மறைகிற மாதிரி புகை வேண்டும். ஒரே சூட்டை எல்லாத் தொண்டைக்கும் வைத்தால் எப்படிச் சரிப்படும்? உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது, காயில் என்போம். அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் திரவம். கம்பி எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு ஆவி. திரவம் கெட்டியாக இருந்தால் சூடு கொஞ்சம் கூட வேண்டும், நீர்த்திருந்தால் குறைய வேண்டும். அதைத்தான் அந்த எண் சொல்கிறது. வாட்ஸ் என்று பெயர்.

சாயங்காலம் ஒன்றுமே இல்லை என்றீர்களே, பேனாவில் பேட்டரி இறங்க இறங்கச் சூடும் இறங்கும். இந்த மிஷின் பேட்டரி கடைசிச் சொட்டு வரைக்கும் ஒரே சூடு கொடுக்கும். என் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் இதற்காகவே இதைக் கேட்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. வாராவாரம் ஒரு எண் குறைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் வைத்துவிட்டுப் போய்விடலாம். அப்படிப் போனவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். உங்களுக்கு அதற்காகத்தான் அனுப்பினேன்.

பதினைந்துக்கு மேல் போகாதீர்கள். பஞ்சு கருகும், இருமல் வரும். பேட்டரி இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று இறங்கினால் இன்னொன்று. கூடவே சின்ன பிளாஸ்டிக் பெட்டி இருக்கும்.

நவம்பரில் அல்ஃபியாவின் நிக்காஹுக்கு லீவு கிடைத்துவிட்டது. அதுவரை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நஸ்ருல்லா


பாலக்கரை
9 ஆகஸ்ட் 2024, வெள்ளி

மகனே, உன் கடிதத்தை டீச்சர் இரண்டு தரம் படித்தார். கிழித்தோமா என்று கேட்காதே.

நீ இத்தனை வார்த்தை செலவழித்திருக்க வேண்டாம். சட்டியோடு கடை கடையாகப் புகை போடுகிற சாம்பிராணிக்காரனுக்குச் சூட்டைப் பற்றி நீ பாடம் எடுக்கிறாய். கரி அதிகமாகக் கனிந்திருந்தால் தூள் போட்டதும் சடக்கென்று கருகிக் கசப்புப் புகை வரும், கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்வார். கரி மங்கியிருந்தால் தூள் மெழுகு மாதிரி உருகிக் கிடக்கும், புகையே எழாது. அதனால்தான் என் இடது கையில் மயில்பீலி விசிறி. நகைக் கடையில் மெல்லிசாக வேண்டும், கறிக்கடையில் கனமாக வேண்டும். வீசினால் ஏறும், நிறுத்தினால் இறங்கும். உன் மலையாளியும் பிலிப்பினோவும் எனக்கு அறுபது வருஷமாகத் தெரிந்தவர்கள்தான்.

ஆனால் என் தொண்டை பீடித் தொண்டை. பன்னிரண்டில் காலிக் கோப்பையில் டீ குடித்த மாதிரி இருக்கிறது. பதினைந்தில் ஓரளவு. இருபத்திரண்டில்தான் ஒரு அடி விழுந்தது. கோபித்துக்கொள்ளாதே. இருபத்திரண்டில் வைத்த நாளிலிருந்து பீடியைத் தொடவில்லை, இன்றோடு பத்து நாள். பஞ்சு கருகவில்லை, நாக்கில் கொஞ்சம் தகர வாடை, அவ்வளவுதான். ஒரே சங்கடம், அப்படி வைத்தால் பேட்டரி சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னாலேயே செத்துவிடுகிறது. அதனால் இரண்டாவதையும் கூடவே எடுத்துப் போகிறேன். நீ அனுப்பிய பிளாஸ்டிக் பெட்டியில் பிரஷர் மாத்திரை போட்டு வைத்திருக்கிறேன், கச்சிதமாக இருக்கிறது. ஜிப்பாப் பையில் பேட்டரியை வைத்தால் துவைக்கப் போடும்போது மஜீதா கையில் சிக்கும். அதனால் கடைகளில் தருகிற காசு போடும் சில்லறைப் பையில் போட்டுக்கொள்கிறேன். அந்தப் பையை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்.

அந்தத் திரவத்துக்கு மாம்பழ வாசனை ஏன் வைத்தாய்? போன வாரம் மஜீதா, "மாமா, உங்க ஜிப்பாவுல மாம்பழ வாடை அடிக்குது, சர்க்கரைய வெச்சுக்கிட்டு ஒளிச்சு ஒளிச்சுத் திங்கறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். செய்யாத தப்பை ஒத்துக்கொள்வது எத்தனை சுலபமாக இருந்தது.

வேறு பயங்களும் இருக்கின்றன. முச்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர் வியாழக்கிழமை தோறும் தொப்பியைக் கழற்றிப் புகைக்குத் தலையைக் காட்டுவார். இப்போதெல்லாம் அவர் குனியும்போதே நான் சட்டியோடு ஓரடி பின்னால் போய்விடுகிறேன். "என்ன பாய், உடம்பு சரியில்லையா?" என்கிறார். கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது, கரண்டுக் கோபுரம் ஒன்று ஆற்றிலேயே சாய்ந்துவிட்டது. ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. நான் போகவில்லை. கூட்டத்தில் யாராவது இடித்து மிஷின் கீழே விழுந்துவிட்டால்?

அத்தா


பாலக்கரை
24 ஆகஸ்ட் 2024, சனி

நஸ்ருல்லா, இந்தக் கடிதத்தை ஹாலிதின் மச்சான் கொண்டு வருகிறான். தனியாக இருக்கும்போது படி.

நேற்று முன்தினம் வியாழன். பெரிய முதலாளி பாக்கியநாதன் நடத்தின நைட்டிக் கடை உனக்குத் தெரியும், இப்போது அவர் மகன் பார்க்கிறார். தெருவில் பாதி முடிந்ததும் சில்லறைப் பையை அந்தக் கடையில் வைத்துவிட்டு மீதித் தெருவுக்குப் போவது என் வழக்கம். கடைக்குச் சில்லறை வேண்டும், எனக்கு நோட்டு வேண்டும். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வேன். அன்றும் கல்லாவில் நிற்கும் அமலராணி கையில் கொடுத்தேன். "கூட்டம் குறையட்டும் பாய், எண்ணி வைக்கிறேன்" என்று பையின் வாயைக் கட்டிக் கல்லாவுக்கு அடியில் தள்ளினாள். அங்கே நைட்டி மூட்டைகள், பக்கத்தில் யுபிஎஸ் பெட்டி.

நான் நாலு கடை தாண்டியிருப்பேன். பின்னால் அலறல். திரும்பினால் கடையின் வாயிலிருந்து கறுப்புப் புகை. நைலான் துணி எப்படி எரியும் என்று உனக்குத் தெரியாது, சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே ஒழுகும். அமலராணியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வலது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை. கழுத்தில் கொஞ்சம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவள் கத்தினது இப்போதும் என் காதில் இருக்கிறது.

தெரு மொத்தமும் என் சட்டியைத்தான் பார்த்தது. சட்டி என் கையில், நாலு கடைக்கு அப்பால், அப்படியே இருந்தது. கையில் நெருப்போடு நின்றதால் தப்பினேன் மகனே. இதைவிடக் கேவலம் உண்டா?

தீயணைப்பு வண்டி வந்து அணைத்த பிறகு சாம்பலைக் கிளறினார்கள். காசுகள் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய், ஒரு முனை பிய்ந்து பூ மாதிரி விரிந்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அணைத்தவர், "எமர்ஜென்சி லைட்டு பேட்டரி போல" என்று ஓரமாக எறிந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"இந்த யுபிஎஸ் யாரு மாட்டினது?" என்று போலீஸ் கேட்டது. சின்ன முதலாளி சொன்னார், "ஸ்ரீரங்கத்துப் பையன் சுரேஷ்குமார் சார். போன ஞாயித்துக்கிழமைதான் மாட்டினான்." அன்றைக்கே அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

அந்தப் பேட்டரியை நான் ஒன்றும் செய்யவில்லை. அது மிஷினில் கூட இல்லை. பையைக் கொடுக்குமுன் எப்போதும் எடுத்துவிடுவேன், அன்றைக்கு மறந்துவிட்டேன், பையில் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த சாமான் எப்படி எரியும்? இதை மட்டும் சொல்லு. வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பீடி பிடித்தேன்.

அத்தா

(டீச்சர் ஆபிதா எழுதுவது: தம்பி, உங்கள் அத்தா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். எனக்கும் இது தெரியும் என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.)


ஷார்ஜா
29 ஆகஸ்ட் 2024

அத்தா,

பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் இரும்பு தொட்டால் போதும். காசு, சாவி, எதுவானாலும் சரி. உள்ளே இருக்கிற மொத்தச் சக்தியும் ஒரே மூச்சில் வெளியே வரும். பையின் வாயைக் கட்டித் தள்ளும்போது காசுகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். அந்தப் பிளாஸ்டிக் பெட்டி அதற்காகத்தான் அத்தா. மாத்திரைக்கு இல்லை.

கடைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். காசு கொடுத்துவிட்டுக் கதவு வரைக்கும் போனவனைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்வேன். உங்களுக்குச் சொல்லவில்லை. பதினைந்துக்கு மேல் போகாதீர்கள் என்று எழுதினேன், பெட்டி இருக்கிறது என்று எழுதினேன், எதற்கு என்று எழுதவில்லை. என் அத்தா பாக்கெட்டிலா போட்டுக்கொண்டு சுற்றப் போகிறார், வீட்டில் உட்கார்ந்து இழுப்பார் என்று நினைத்தேன். வியாழக்கிழமை உங்கள் பையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அந்தப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

ஆனாலும் கேளுங்கள். வாயைத் திறக்காதீர்கள். திறந்தால் முதல் கேள்வி, எங்கே வாங்கினாய் என்பது. கொண்டு வந்தவனுக்கும் அனுப்பியவனுக்கும் தண்டனை. ஹாலிதும் மாட்டுவான். நான் நவம்பரில் இறங்கும்போது ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹை நிறுத்திவிட்டால் அல்ஃபியா முகத்தை நீங்கள் பார்ப்பீர்களா?

அந்த எலெக்ட்ரீஷியனை ஒன்றும் செய்ய முடியாது. அவன் தப்பு செய்யவில்லை என்றால் அது தானாகத் தெரியும். மிஷினை உடைத்து வாய்க்காலில் போட்டுவிடுங்கள். இன்னொரு பேட்டரியை மட்டும் அந்தப் பெட்டியில் வைத்து மூடுங்கள். இன்றைக்கே.

நஸ்ருல்லா


பாலக்கரை
6 செப்டம்பர் 2024, வெள்ளி

நஸ்ருல்லா, தானாகத் தெரியும் என்று எழுதியிருந்தாய். நான் இரண்டு இடத்துக்குப் போய் வந்தேன், கேள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அமலராணி கையைக் கட்டிச் சுவரோரம் படுத்திருந்தாள். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என் பக்கம் திரும்பினாள்.

"பாய், சத்தம் உங்க பையிலேர்ந்துதான் வந்துச்சு. உஸ்ஸுன்னு பாம்பு மாதிரி. குனிஞ்சேன், அப்படியே மூஞ்சிக்கு நேரா வந்துச்சு, கையால மறைச்சேன்" என்றாள்.

வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன்.

"உள்ள போன் கீன் வெச்சிருந்தீங்களா? பரவால்ல, விடுங்க. போலீஸ்காரங்க கேட்டாங்க. ஒயர்லேர்ந்து புகை வந்துச்சுன்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க, கையெழுத்துக்குப் பதிலா இடது கை ரேகை வாங்கிக்கிட்டுப் போனாங்க."

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"என் பொண்ணு கண்ணு தெறக்காம காய்ச்சல்ல கிடந்தப்ப மாதா கோயில்லேர்ந்து நேரா உங்ககிட்டதானே தூக்கிட்டு வந்தேன். நீங்க ஓதி ஊதினீங்க, பொழச்சா. இந்த வயசுல உங்களைப் போயி ஸ்டேஷன்ல உக்கார வெக்கறதா? நீங்களும் பேசாதீங்க பாய்."

அவள் நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை வெட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

புதன்கிழமை ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். சுரேஷ்குமாரின் அம்மா ஆனந்தவள்ளி அம்மாமண்டபம் போகும் ரோட்டில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். ஒற்றை மகன், புருஷன் இல்லை. கடை சாத்தியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் பச்சைத் தலைப்பாகையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"நீங்க பாலக்கரை சாம்பிராணி பாய்தானே? எம் புள்ள அந்தத் தெருவுக்கு வேலைக்கு வந்தப்பல்லாம் நீங்க போட்ட புகையைப் பத்திச் சொல்லியிருக்கான். அவனை அஞ்சு நாளா காலையில ஒம்போது மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி உக்கார வெச்சாங்க பாய். கடைக்காரரு ஆளுங்க வீட்டுக்கு வந்து, நஷ்டத்தை எவன் குடுப்பான்னு கத்திட்டுப் போனாங்க. ஆறாம் நாள் புள்ளையக் காணோம். அவன் வண்டி மட்டும் கொள்ளிடக் கரையில நின்னுச்சு."

நான் அவள் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"மூணு நாள் கழிச்சு ஏதோ நம்பர்லேர்ந்து கூப்ட்டான். மருங்காபுரிப் பக்கம் சினேகிதன் வீட்டுல இருக்கானாம். ‘அம்மா, நான் சரியாத்தான் மாட்டினேன், ஆனா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. மறுபடி ஸ்டேஷனுக்குக் கூப்ட்டா ஆத்துல எறங்கிடுவேன். அன்னிக்கே கால் வெச்சுட்டேன், தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு, திரும்பிட்டேன்’னு சொல்றான் பாய். இப்ப போனை அணைச்சு வெச்சிருக்கான். நேத்து போலீஸ் வந்து, ஓடினதால அவன்தான் குத்தவாளின்னு ஆயிடுச்சுங்கறாங்க. நீங்க எம் புள்ளைக்காக ஒரு தடவை ஓதி ஊதுங்க."

ஓதினேன். ஊதுவதற்கு மூச்சு வரவில்லை மகனே. உதடு மட்டும் அசைந்தது. அவள் பத்து ரூபாயை என் பையில் போட வந்தாள். கையை மடக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

மிஷினை உடைக்கவில்லை. என்ன செய்யட்டும், சொல்லு.

அத்தா


ஷார்ஜா
12 செப்டம்பர் 2024

அத்தா,

இரண்டு மாதம். நான் கேட்பது இரண்டே மாதம். அல்ஃபியாவின் நிக்காஹ் முடியட்டும். நான் திரும்ப விமானம் ஏறிய மறுநாள் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போய் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அந்தப் பையன் சினேகிதன் வீட்டில் பத்திரமாகத்தானே இருக்கிறான்? சோறு கிடைக்கிறதல்லவா?

எழுதிவிட்டு இதைப் படித்தேன். எழுதியவன் நான்தானா என்று இருக்கிறது. ஆனாலும் அடித்து நீக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அத்தா. பதினெட்டு வருஷம் இங்கே வெயிலில் நின்று சேர்த்ததெல்லாம் அந்த ஒரு பெண்ணுக்காக. ஏர்போர்ட்டில் கும்பலுக்கு முன்னால் என்னைக் கூட்டிப் போவதை அவள் பார்ப்பதாகத் தினமும் மனதில் ஓடுகிறது.

பதினைந்துக்கு மேல் போகாதீர்கள் என்று சொன்னேன். பன்னிரண்டில் இருந்திருந்தால் ஒரு பேட்டரி ஒரு நாள் முழுக்க வந்திருக்கும். இரண்டாவதை நீங்கள் வெளியே எடுத்துப் போகவே வேண்டியிருந்திருக்காது. உங்களுக்கு எதிலும் அளவு கிடையாது. நான் ராத்திரி முழுக்க இருமிக்கொண்டு பீடிப் புகையில் வளர்ந்தவன்தானே. இப்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்காக அடக்கிக்கொள்ளுங்கள்.

நஸ்ருல்லா


பாலக்கரை
20 செப்டம்பர் 2024, வெள்ளி

அன்பு மகன் நஸ்ருல்லாவுக்கு,

அளவு இல்லாதவன் என்று நீ எழுதினது சரி. அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். டீச்சர் அந்த இடத்தில் நிறுத்தினார், நான்தான் மேலே படிக்கச் சொன்னேன்.

சோறு கிடைக்கிறதல்லவா என்று கேட்டிருந்தாய். போன ஞாயிறு மருங்காபுரியிலிருந்து அந்தச் சினேகிதன் ஆனந்தவள்ளிக்குப் போன் செய்தானாம். மூன்று நாளாகச் சுரேஷ்குமார் சாப்பிடுவதில்லை, கிணற்றடியிலேயே உட்கார்ந்திருக்கிறான், எனக்குப் பயமாக இருக்கிறது, கூட்டிப் போய்விடுங்கள் என்று. அவள் போய்க் கூப்பிட்டாள். வர மாட்டேன் என்றுவிட்டான். கேஸ் இல்லை என்று போலீஸ் சொன்னால்தான் வருவானாம். உனக்கு ஏர்போர்ட் ஓடுகிற மாதிரி எனக்கு அந்தக் கிணறு ஓடுகிறது.

முதலில் வீட்டில் சொன்னேன். மஜீதா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "உங்க மாம்பழ வாடை இதுதானா?" என்று மட்டும் கேட்டாள், பிறகு என்னோடு பேசவில்லை. அல்ஃபியா அழுதாள். அழுது முடித்துவிட்டு, "நன்னா, நீங்க ஒண்டியா போகாதீங்க, நானும் வரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

நேற்று வியாழன். தெருவுக்குப் போகவில்லை. சட்டி பற்ற வைக்கவில்லை. மிஷினையும் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்த இன்னொரு பேட்டரியையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன்தான். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்திரண்டில் வைத்ததையும் சொன்னேன்.

"யாரு குடுத்தா?" என்றார்.

"என் மகன்."

"பேரு?"

நஸ்ருல்லா, உன் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் ஒருவர் எழுதினார். நீ பிறந்தபோது அந்தப் பெயரைக் காதில் சொன்னவனும் நான்தான். வேறு யாரிடமோ வாங்கினேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யார், எங்கே, எப்போது என்று கேட்டுக்கொண்டே போயிருப்பார்கள். அந்த ஒரு பொய் உடைந்தால் பேட்டரி பற்றிச் சொன்னதையும் எவனும் நம்ப மாட்டான். கொண்டு வந்த கை யாருடையது என்று கேட்கவில்லை, அதனால் ஹாலித் பெயரை நான் எடுக்கவில்லை. கேட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. உனக்கு ஸ்டேஷனிலிருந்து கடிதாசு வரும் என்றார்கள். நவம்பரில் வருவாயோ மாட்டாயோ, அது உன் முடிவு. வந்தால் ஏர்போர்ட் வாசலில் நான் நிற்பேன். நிக்காஹைத் தள்ளி வைக்கலாம் என்று அல்ஃபியாவே சொல்லிவிட்டாள்.

ஆனால் இன்ஸ்பெக்டர் நம்பவில்லை.

"பாய், அந்தப் பையனோட அம்மா வந்து உங்ககிட்ட அழுதுச்சா? பாவம் பார்த்து நீங்களா ஒண்ணைச் சொல்றீங்களா? விரல் நீளப் பேட்டரி ஒரு கடையை எரிக்குமா?"

"எரிச்சுது சார். அணைச்சவங்க ஓரமா எறிஞ்சாங்க, முனை பிஞ்ச குழாய். எல்லாத்தையும் குப்பை வண்டி அள்ளிட்டுப் போயிடுச்சு."

"சரி. கல்லாவுக்கு அடியில உங்க பை இருந்துச்சுங்கறீங்க. கடைக்காரரைக் கேட்டா அப்படி ஒரு வழக்கமே எனக்குத் தெரியாதுங்கறாரு."

"அவரு மாடி ரூமுல உக்காந்திருப்பாரு சார், அவருக்குத் தெரியாது. ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த வருஷத்துலேர்ந்து நான் அங்கதான் பையை வைக்கிறேன்."

"முப்பத்தேழு வருஷமாவா? அப்ப அதைப் பார்த்தவங்க யாராவது இருப்பாங்கல்ல. சொல்லுங்க. ஒருத்தர் வந்து ‘ஆமா, பை அங்கதான் இருந்துச்சு’ன்னு சொன்னாப் போதும், நான் அந்தப் பையன் மேல இருக்கறதைப் பார்க்கறேன்."

நான் எண்ணிக்கொண்டு வந்தேன். முதல் தடவை பையைக் கையில் வாங்கியவர் பெரிய முதலாளி பாக்கியநாதன். கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது போனார், ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. அவருக்குக் கணக்குப் பார்த்த அடைக்கலம். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று சொன்ன வருஷம், தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், வாசலில் கோலம் போட்ட இடத்திலேயே விழுந்தார். துணி மடிக்கிற வள்ளிக்கண்ணு. பையை வாங்கிக் குலுக்கிப் பார்த்து, "இன்னிக்கு நல்ல மழை பாய்" என்பாள். கஜா புயல் அடித்த வருஷம் சர்க்கரையில் கால் எடுத்தார்கள், அதோடு சரி. மூன்று பேரின் பெயரும் நாளும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்களா பாய்?" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்ப யாருமே இல்லையா?"

எனக்காகப் பொய் சொல்லி ரேகை வைத்தவள். பெயரைச் சொன்னால் அந்தப் பொய்க்கு அவளைக் கேட்பார்கள். சொல்லாவிட்டால் மருங்காபுரியில் அந்தக் கிணறு இருக்கிறது. அல்ஃபியா என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஒருத்தர் உசிரோட இருக்காங்க சார்" என்றேன்.

"யாரு?"

"அமலராணி."